ஈரச் சாக்கு வாசனை

காணும் பொங்கல் அன்று சாயங்காலம் ஐயா வீட்டில் ஒயின் விருந்து நடக்கும். வருஷத்துக்கு ஒரு முறைதான். திருவிடைமருதூருக்குக் கிழக்கே, வாய்க்காலை ஒட்டி, வயலுக்கு நடுவில் இருக்கிற வீடு அது. ஐயா முப்பது வருஷம் சரக்குக் கப்பலில் என்ஜினியராக இருந்தவர். போன துறைமுகத்தில் எல்லாம் ஒரு பாட்டில் வாங்கி, லுங்கியில் சுற்றி, பெட்டியில் துணிகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவருவாராம். அப்படிச் சேர்ந்தவை வடக்குப் பக்கத்து அறையில் மரச்சட்டத்தில் படுத்துக் கிடக்கும். அந்த அறைக்கு மட்டும் வருஷம் பூராவும் ஏ.சி. ஓடும். "எனக்கு ஃபேன், அதுங்களுக்கு ஏ.சி." என்று அம்மா வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவார். ஐயாவின் மனைவியைத்தான் நான் அம்மா என்கிறேன்.

அங்கே ஏழு வருஷமாக நான் சமையல் வேலை செய்கிறேன். பத்தாவது வரைக்கும்தான் படித்தேன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச வராது. விருந்து அன்று பரிமாறிவிட்டு உடனே அடுப்படிக்குத் திரும்பிவிடுவேன்.

விருந்துக்கு வெளியிலிருந்து நாலு பேர் வருவார்கள். ஒருவர் கும்பகோணத்துப் பல் டாக்டர். இன்னொருவர் பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்ற இருவரும் கணவன் மனைவி. வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, இப்போது பாரம்பரிய நெல் போடுகிறார்கள். அந்தப் பெண் எங்கள் தெருவில் பிறந்தவள். என் நாத்தனாரும் அவளும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். என்னை அக்கா என்று கூப்பிடுவாள்.

ஆளுக்கு ஒரு பாட்டில் கொண்டுவர வேண்டும். லேபிள் தெரியாதபடி துண்டால் சுற்றியிருக்க வேண்டும். குடித்துப் பார்த்து எந்த நாட்டுச் சரக்கு என்று சொல்ல வேண்டும். அதிகம் தப்பாகச் சொன்னவர் அடுத்த வருஷம் மீன் வாங்கி வர வேண்டும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட விதி. பேங்க் மேனேஜர் வருஷம் தவறாமல் தோற்பார். அதனால் அன்று காலையில் முத்துப்பேட்டையிலிருந்து ஐஸ் பெட்டியில் கொடுவா மீன் அவர் காரில்தான் வந்து இறங்கும்.

மதுக்கடை வாசலில் நான் பார்த்த குடிப்பழக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெரிய கிளாஸில் அடியில் கொஞ்சமாக ஊற்றுவார்கள். கிளாஸைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொள்வார்கள். ஒரு வாய் குடித்துவிட்டுப் பத்து நிமிஷம் பேசுவார்கள். புதிதாகப் பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு வரவில்லை. ஏனென்றால் நான் இதை முன்பே பார்த்திருந்தேன்.

இந்த வீட்டுக்கு வருவதற்கு முன் ஒன்பது வருஷம் சிங்கப்பூரில் ஒரு வீட்டில் வேலை பார்த்தேன். சீனக் குடும்பம். கணவன் மனைவி இரண்டு பேருக்குமே ஒயின் பைத்தியம். மாதம் ஒரு தடவை நண்பர்கள் கூடுவார்கள். கிளாஸ்களைக் கழுவுவது என் வேலை. கழுவுவதற்கு முன் நான் ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்ப்பதை வீட்டுக்கார அம்மாள் ஒரு நாள் பார்த்துவிட்டார். திட்டப் போகிறார் என்று பயந்தேன். அவரோ இரண்டு கிளாஸை எடுத்து வைத்து, எதில் என்ன வாசனை வருகிறது என்று கேட்டார். எனக்கு ஆங்கிலம் அரைகுறை. பழத்தின் பெயர், மசாலாவின் பெயர் மட்டும் தெரியும். அதை வைத்துச் சொன்னேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் எனக்கு என்று இரண்டு விரல் அளவு ஊற்றி அடுப்படிக்கு அனுப்புவார். குடித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். முதலில் புளிப்பாக, காட்டமாக இருந்தது. போகப் போகப் பிடித்துவிட்டது.

இதை நான் ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. திரும்பி வந்த இரண்டாம் வருஷம், பஸ் நிறுத்தத்துப் பக்கத்தில் இருந்த மதுக்கடையை மாற்றச் சொல்லி எங்கள் மகளிர் குழு ரோட்டில் உட்கார்ந்தது. நானும் போய் உட்கார்ந்தேன். அது பொய்யில்லை, அந்தக் கடையால் எங்கள் தெருவில் பட்டபாடு எனக்குத் தெரியும். ஆனால் உட்கார்ந்திருந்த நேரம் பூராவும் தலையை நிமிர்த்தாமல்தான் இருந்தேன்.

ஐயாவுக்குத் தன் மூக்கைப் பற்றி அவ்வளவு பெருமை. கப்பல் என்ஜின் அறைக்குள் நுழையும்போதே எண்ணெய் எந்தப் பக்கத்தில் ஒழுகுகிறது என்று வாசனையை வைத்துச் சொல்லிவிடுவாராம். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்து, அந்த மூக்கு போய்விட்டது. காய்ச்சல் ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. வாசனை மட்டும் திரும்பவில்லை. சாம்பாருக்கும் வெந்நீருக்கும் வித்தியாசம் தெரியாமல் சாப்பிட்டார். ஆள் இளைத்துப்போனார். ஒயின் அறைப் பக்கமே போகவில்லை. அந்த வருஷம் விருந்தும் நடக்கவில்லை.

டாக்டர் ஒருவர் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். தினம் காலையில் ஐயா கண்ணை மூடிக்கொண்டு உட்காருவார். நான் ஒரு கிண்ணத்தை மூக்குக்குக் கீழே நீட்டுவேன். காபித்தூள், பெருங்காயம், எலுமிச்சை இலை, மரிக்கொழுந்து, ஓமம். ஆரம்பத்தில் எதை நீட்டினாலும் "ஒண்ணும் இல்லேம்மா" என்பார். நாலு மாதம் கழித்து வாசனை வந்தது, ஆனால் தப்பாக வந்தது. காபித்தூளை நீட்டினால் முடி கருகுகிற வாசனை என்றார். பெருங்காயம் மண்ணெண்ணெய் மாதிரி இருக்கிறது என்றார். மூக்கே இல்லாமல் இருந்ததைவிட இது அவரை அதிகம் பயமுறுத்தியது. பிறகு ஒவ்வொன்றாகச் சரியாகி, போன மார்கழியில் ஓமத்தையும் சீரகத்தையும் பிரித்துச் சொன்னார். அன்றைக்கு அம்மா எனக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுத்தார்.

அதனால் இந்தத் தடவை விருந்து பெரிதாக ஏற்பாடானது. கல்யாணமான புதிதில் அம்மாவும் ஒரு பயணம் கப்பலில் கூடப் போயிருக்கிறார். போர்ச்சுகலில் ஒரு துறைமுகத்தில் இறங்கி இரண்டு பேரும் சேர்ந்து இரண்டு பாட்டில் வாங்கினார்களாம். ஒன்றை இருபத்தைந்தாம் கல்யாண நாளில் குடித்துவிட்டார்கள். மீதி ஒன்று, மூக்கு வந்தவுடன் திறப்பதற்கென்று கிடந்தது. "இதுல வாசனை தெரிஞ்சா நான் பொழைச்சுட்டேன்னு அர்த்தம்" என்று ஐயா ஒரு வாரமாகவே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆறு மணிக்கு எல்லோரும் உட்கார்ந்தார்கள். தலைவாழை இலையில் கொடுவா வறுவல், நண்டு மிளகுப் பொரியல், கரும்புத் துண்டு. ஐயாவே அந்தப் பாட்டிலைத் திறந்தார். கார்க் உடையாமல் முழுசாக வந்தது. எல்லோருக்கும் ஊற்றி, தன் கிளாஸை எடுத்து மூக்குக்குக் கொண்டுபோனார். நான் அப்போது இலையில் வறுவல் வைத்துக்கொண்டிருந்தேன். அவர் நெற்றி சுருங்கியது. மறுபடி முகர்ந்தார்.

"இங்க சாக்கு வாசனை எதாச்சும் வருதா?" என்று மெதுவாகக் கேட்டார்.

பேங்க் மேனேஜர் உடனே பக்கத்து அறையைக் காட்டினார். தை அறுவடைக்கென்று வாங்கிய வெறும் சாக்குக் கட்டுகள் அங்கே அடுக்கியிருந்தன. மார்கழி மழையில் ஓடு ஒழுகி அடிக்கட்டு நனைந்திருந்தது உண்மைதான். இந்த வீட்டில் சாக்கை வைத்துக்கொண்டு சாக்கு வாசனை வருகிறதா என்று கேட்டால் எப்படி என்று அவர் சிரித்தார். எல்லோருக்கும் உயிர் வந்தது. விருந்துக்கு உடுத்தி வந்த பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் பல் டாக்டரும் ஆளுக்கு ஒரு கட்டாகத் தூக்கிக் களத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள். பாரம்பரிய நெல்காரர் மூன்றாவது கட்டைத் தூக்க, அவர் மனைவி ஜன்னல்களைத் திறந்தாள். "லோடுமேன் கூலி தனியாக் குடுத்துடணும் சார்" என்றார் மேனேஜர். கையைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தார்கள்.

ஐயா மறுபடி முகர்ந்தார். ஒரு வாய் குடித்தார். அப்புறம் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்.

ஒருவர் ஆசையாக எடுத்து வைத்ததைக் குறை சொல்லி எங்கள் பக்கத்தில் பழக்கமில்லை. உப்பில்லாத சாம்பாராக இருந்தாலும் "நல்லா இருக்குங்க" என்று சொல்லி இன்னொரு கரண்டி வாங்கிக்கொள்வோம். அவர்களும் அதைத்தான் செய்தார்கள். பிரமாதம் என்றார் பல் டாக்டர். அந்தக் காலத்து சரக்கே தனி என்றார் மேனேஜர். கணவன் மனைவி இருவரும் தலையாட்டினார்கள். கடைசியில் ஐயா அம்மாவைப் பார்த்தார்.

"நல்லாத்தாங்க இருக்கு" என்றார் அம்மா.

ஐயா கிளாஸைக் கீழே வைத்தார். சத்தம் வராமல், மெதுவாகத்தான் வைத்தார். "எனக்கு மட்டும்தான் அந்த வாசனை வருது. அப்ப மூக்கு சரியாகலை. மறுபடி தப்பு தப்பாத்தான் காட்டுது" என்றார். உள்ளே இருக்கிற பாட்டில்களை நாலு பேரும் பிரித்து எடுத்துக்கொண்டு போய்விடுங்கள், மரச்சட்டத்தையும் யாராவது கொண்டுபோங்கள், அடுத்த வருஷத்திலிருந்து இது வேண்டாம் என்று சொன்னார். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. கப்பலில் வேலையை ஒப்படைத்துவிட்டு இறங்குகிறவர் மாதிரி சொன்னார்.

நான் மேசையில் கிடந்த கார்க்கையும் காலித் தட்டையும் எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தேன். கார்க்கை முகர்ந்து பார்த்தேன்.

சிங்கப்பூரில் ஒரு தடவை வீட்டுக்கார அம்மாள் ஒரு பாட்டிலைத் திறந்து, ஒரு வாய் வைத்துவிட்டு, விருந்தாளிகளுக்குக் கொடுக்காமல் என்னிடம் கொண்டுவந்தார். இதை நன்றாக முகர்ந்து ஞாபகம் வைத்துக்கொள் என்றார். ஆயிரத்தில் சில பாட்டிலுக்குக் கார்க்கிலேயே ஒரு கெடுதல் வந்துவிடும். வெளியே பார்த்தால் தெரியாது, எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தாலும் தப்பாது என்று சொன்னார். எனக்கு ஞாபகம் வைத்துக்கொள்ளவே தேவையிருக்கவில்லை. கொள்முதல் நிலையத்து வாசலில், மழையில் நனைந்து, எடை போடுகிற நாளுக்குக் காத்துக் கிடக்கிற நெல் மூட்டை வாசனை அது. என் அப்பாவுக்கு அந்த மூட்டைகளுக்குப் பக்கத்திலேயே ஐந்து நாள் சோறு கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

இப்போது என் கையில் இருந்த கார்க்கிலும் அதே வாசனைதான்.

போய்ச் சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். எதிரில் எங்கள் தெருப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். நாளைக்குக் காலையில் நாத்தனாருக்குத் தெரியும், மத்தியானம் குழுவில் எல்லோருக்கும் தெரியும். கடையை மாற்றச் சொல்லி ரோட்டில் உட்கார்ந்தவள் சிங்கப்பூரில் குடித்துக்கொண்டிருந்தாளாம் என்பார்கள். சொல்லாமல் இருந்துவிட்டு, நாளைக் காலையில் ஐயாவிடம் தனியாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஆனால் அங்கே மேனேஜர், ஐயாவின் பேச்சை மறுக்கத் தெரியாமல், சரிங்க சார், உங்க இஷ்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கதவு வழியாக ஐயாவின் முகம் தெரிந்தது. காலையில் கிண்ணத்தை நீட்டும்போது கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பாரே, அந்த முகம்தான். ஆனால் கண் திறந்திருந்தது.

கார்க்கை ஒரு தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். தண்ணீர் ஊற்ற வந்திருக்கிறேன் என்று நினைத்துப் பல் டாக்டர் டம்ளரை நகர்த்தினார்.

"ஐயா, உங்க மூக்கு சரியாத்தான் இருக்கு. பாட்டில்தான் கெட்டுப்போச்சு" என்றேன்.

என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஐயா என்னைத் திரும்பிப் பார்த்து, என்னம்மா என்றார். மறுபடி சொன்னேன். கார்க்கில் வருகிற கெடுதல் அது, ஈரச் சாக்கு மாதிரிதான் மணக்கும், நீங்கள் சொன்னது சரி என்றேன். தட்டை அவர் பக்கம் வைத்தேன். இவ்வளவையும் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

"அக்கா, இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எங்கள் தெருப் பெண்தான் கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே ஆச்சரியமாகக் கேட்டாள். யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால், ஐயாவுக்கு ஆறுதலுக்காக நானும் எதையோ சொல்வதாக ஆகிவிடும். அந்த மேசையில் அன்று அது ஏற்கெனவே நிறைய நடந்துவிட்டது.

"சிங்கப்பூர்ல வேலை பார்த்த வீட்ல குடிச்சுப் பார்த்திருக்கேன். ஒம்பது வருஷம்" என்றேன்.

ஐயா கார்க்கை எடுத்து முகர்ந்தார். அப்புறம் அதை மேனேஜருக்கு நேராக நீட்டினார். "உண்மையைச் சொல்லுங்க சார்."

மேனேஜர் முகர்ந்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "சாக்குதான் சார். மொத வாய்லயே தெரிஞ்சுது. சாக்கத் தூக்கிப் போட்டப்புறமும் வந்துச்சு. எனக்கு இதெல்லாம் எங்க தெரியும், நாந்தான வருஷா வருஷம் தோக்கறவன்னு கம்முனு இருந்துட்டேன்."

பல் டாக்டர் தனக்குப் பழைய பேப்பர்க்கட்டு வாசனை வந்ததாகச் சொன்னார். நெல்காரர், தானும் அதேதான் நினைத்ததாகவும், ஐயா வீட்டுப் பாட்டிலை எப்படிக் குறை சொல்வது என்று விட்டுவிட்டதாகவும் சொன்னார். ஐயா கடைசியாக அம்மா பக்கம் திரும்பினார்.

"நீயுமா?"

"நீங்க என் மூஞ்சியையே பாத்துக்கிட்டிருந்தீங்க. நான் வேற என்னத்தச் சொல்ல?" என்றார் அம்மா. சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஐயா சிரிக்க ஆரம்பித்தார். ரொம்ப நேரம் சிரித்தார். இரண்டு வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. "இத்தனை பேரும் எனக்கு மரியாதை குடுத்துக் குடுத்து என் மூக்கப் புடுங்கிட்டீங்களேடா" என்றார். பேங்க் மேனேஜரை அவர் 'டா' போட்டுப் பேசியதும் அன்றைக்குத்தான்.

கணவன் மனைவி கொண்டுவந்த பாட்டிலை அடுத்துத் திறந்தார்கள். ஐயா கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தார். நாவல்பழம் என்றார். கொஞ்சம் பொறுத்து, மிளகு என்றார். கிளாஸை என்னிடம் நீட்டி, சொல்லும்மா என்றார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் முகர்ந்தேன். மிளகு இருந்தது. நாவல்பழம் எனக்கு அவ்வளவு தெரியவில்லை, காய்ந்த திராட்சைதான் தெரிந்தது. அதையே சொன்னேன். அதன்மேல் ஒரு விவாதம் நடந்தது. துண்டை அவிழ்த்துப் பார்த்தால் அந்த நாட்டை யாருமே சரியாகச் சொல்லியிருக்கவில்லை.

அம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. எனக்கென்று ஊற்றிய கிளாஸை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், இரண்டாவது ஈடு மீனைப் போட்டுவிட்டு, நின்றபடியே குடித்தேன். ஏழு வருஷத்துக்கு அப்புறம் குடித்தது. நன்றாக இருந்தது.

பாத்திரம் எடுத்து வைக்கும்போது அந்தக் கெட்டுப்போன பாட்டிலில் பாதி மிச்சம் இருந்தது. கொட்டிவிடட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். அவர் வாங்கித் தானே கொல்லைப் பக்கம் கொண்டுபோனார். முப்பத்தைந்து வருஷம் வைத்திருந்தது. ஐயாவின் மூக்கு சரியாக இருக்கிறது என்கிற சந்தோஷத்தில் நாங்கள் யாரும் அதை நினைக்கவில்லை. அம்மா கொஞ்ச நேரம் கழித்துத்தான் உள்ளே வந்தார்.

நான் நினைத்தபடியே விஷயம் தெருவுக்கு வந்தது. மறுநாள் காலையில் இல்லை. நாலு நாள் ஆனது. அந்தப் பெண் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்க அக்கா எவ்வளவு பெரிய ஆள் தெரியுமா என்று பெருமையாகத்தான் நாத்தனாரிடம் சொல்லியிருக்கிறாள். நாத்தனார் அதை எப்படி எடுத்துக்கொண்டாள் என்பது வேறு. அன்று ராத்திரி சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் கேட்டார்.

"சிங்கப்பூர்ல ஒயின் குடிச்சியாமே?"

ஆமாம் என்றேன். அவர் அறுவடை மிஷின் ஓட்டுகிறவர். சீசன் தொடங்கியிருந்ததால் உடம்பெல்லாம் தூசி. சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"என்ன நெனப்பீங்களோன்னு."

"இப்பத் தெருவே நெனைக்குது" என்றார். அப்புறம், அந்த ஐயாவுக்கு மூக்கு சரியாகத்தான் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். மோர் ஊற்றச் சொன்னார். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. ஆனால் மூன்று நாள் என்னிடம் அளந்துதான் பேசினார்.

குழுவில் ஒருத்தி நேராகவே கேட்டாள். மற்றவர்கள் கேட்கவில்லை, நான் வரும்போது பேச்சை மாற்றினார்கள். நாத்தனார் மாசி மாதம் வரைக்கும் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. இப்போது வருகிறாள். ஆனால் என்னிடம் பேசும்போது வாசல் நிலையைப் பார்த்துக்கொண்டு பேசுகிறாள்.

திரும்பவும் அப்படி ஒரு நாள் வந்தால் இதையேதான் சொல்லுவேன் என்று தைரியமாக எழுத எனக்கு வரவில்லை. அன்றைக்கு அடுப்படிக் கதவு சாத்தியிருந்து, ஐயாவின் முகம் தெரியாமல் இருந்திருந்தால், நான் மீனைத்தான் வறுத்துக்கொண்டிருந்திருப்பேன்.